வடக்கு கிழக்கு மாகாணச் சான்றிதழ்: வன்னிப் பாடசாலை அணிகளும் நகர்ந்த எல்லைகளும்

சில மாதங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் வன்னியில் படித்தவர். போர்நிறுத்தக் காலத்தில் தமது பாடசாலையின் உதைபந்தாட்ட அணியில் பின்வரிசையில் ஆடியிருக்கிறார். "ஐயா, எங்கள் அணி மாகாணப் போட்டியில் அரையிறுதிவரை போனது. சான்றிதழ் 2009இல் உடைமைகளோடு போய்விட்டது. இங்கே என் மகன் பந்தாடுகிறான். நானும் ஆடினேன் என்றால் நம்புகிறானில்லை. உங்களிடம் பழைய பத்திரிகைகள் ஏதும் உண்டா?" என்று கேட்டிருந்தார். அதற்கு முன்னர் ஓர் அலுவலகத்துக்கும் அவர் எழுதிப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து வந்த பதிலையும் எனக்கு அனுப்பியிருந்தார். அந்தப் போட்டியை நடத்திய மாகாணம் இப்போது இல்லை, ஆகவே அதன் பதிவுகள் தம்மிடம் இல்லை என்பதே அதன் சாரம்.

அந்தப் பதிலில் சட்டப் பிழை எதுவுமில்லை. அவர் ஆடியது வடக்கு கிழக்கு மாகாணப் போட்டி. அந்த மாகாணம் 2007 ஜனவரி 1ஆம் திகதி இரண்டாகிவிட்டது. இல்லாத மாகாணத்தின் அரையிறுதி ஆட்டத்தை யாரிடம் கேட்பது? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனபோது, வன்னிப் பெருநிலப்பரப்பின் பாடசாலை அணிகளின் கதை முழுவதுமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று. அணி அதே ஊரில்தான் இருக்கும். ஆனால் அது எந்த மாவட்டத்துக்கு, எந்த மாகாணத்துக்கு ஆடுகிறது என்பது மட்டும் தலைமுறைக்கு ஒருமுறையாவது மாறிக்கொண்டிருக்கும்.

இலங்கையின் பாடசாலை விளையாட்டு ஓர் ஏணி போன்றது. புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த வாசகர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். கோட்டத்தில் வென்றவர்கள் வலயத்துக்கும், வலயத்தில் வென்றவர்கள் மாகாணத்துக்கும், மாகாணத்தில் வென்றவர்கள் அகில இலங்கைப் போட்டிக்கும் போவார்கள். ஒரு பாடசாலையின் பருவகாலம் எவ்வளவு நீளமானது, யாரோடு மோதுவது, எவ்வளவு தூரம் பஸ்ஸில் போவது என்பவற்றையெல்லாம் இந்த ஏணியே முடிவு செய்கிறது. ஏணியின் படிகள் நிர்வாக எல்லைகளின் மேல் நிற்கின்றன. கொழும்பில் ஒரு வர்த்தமானி வெளியானால் முள்ளியவளையிலோ மல்லாவியிலோ ஒரு பையனின் எதிராளி மாறிவிடுவான்.

சுதந்திரத்தின்போது வட மாகாணத்தில் 3 மாவட்டங்களே இருந்தன: யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா. அந்நாளில் வன்னியின் பெரும்பகுதி காடும் குளமும் வயலும்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, அதன்கீழ் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றங்கள் வந்தன. பின்னர் முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களில் இளைஞர்களுக்கான குடியேற்றத் திட்டங்கள் உருவாயின. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் துரத்தப்பட்ட குடும்பங்கள் வந்து சேர்ந்தன. வன்னியில் ஒரு பாடசாலை அணியை வரிசையில் நிறுத்திப் பார்த்தால் இந்த வரலாறெல்லாம் அங்கே நிற்கும். தீவகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை முன்வரிசையிலும், மாத்தளையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தகப்பனின் பிள்ளை கோல் காப்பாளராகவும் இருப்பார்கள். ஊர்ப்பற்று என்பது அங்கே பிறப்பினால் மட்டும் வந்ததன்று. அணிச் சட்டையாலும் வந்தது.

1978 செப்டெம்பரில் முல்லைத்தீவு தனி மாவட்டமாக்கப்பட்டது. வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அது உருவாக்கப்பட்டது. மாந்தை என்ற பழம்பெயர் இரண்டாகி, மேற்கு மன்னாரிலும் கிழக்கு முல்லைத்தீவிலும் இன்றும் இருப்பதைக் காணலாம். 1984 பெப்ரவரியில் யாழ் மாவட்டத்தின் தென்பகுதி கிளிநொச்சி மாவட்டமாயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பளை குடாநாட்டுக்குள்ளே, ஆனையிறவுக்கு வடக்கே இருக்கிறது. ஆயினும் அது கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. தேர்தல் வந்தால் கிளிநொச்சி வாக்காளர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிப்பார். "வன்னி" என்று பெயர் கொண்ட தேர்தல் மாவட்டத்தில் வவுனியாவும் முல்லைத்தீவும் மன்னாரும் உண்டு, கிளிநொச்சி இல்லை! நிர்வாகத்துக்கு ஒரு படம், வாக்குக்கு ஒரு படம், விளையாட்டுக்கு இன்னொரு படம்.

இதெல்லாம் வெறும் காகிதக் கோடு என்று எண்ணிவிடக் கூடாது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் பகிரப்பட்டு வந்திருக்கின்றன. வன்னியின் மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் மாணவன் கற்ற பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதுவே அவனது மாவட்டம். ஆகவே ஒரு பையன் எந்தப் பாடசாலையின் சட்டையை அணிகிறான் என்பது, அவன் வைத்தியனாவானா, வயலுக்குத் திரும்புவானா என்பதோடும் சம்பந்தப்பட்டிருந்தது. நல்ல ஆட்டக்காரனை யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரி ஒன்று அழைத்தாலும் தகப்பன் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

இந்த ஏணியின் மேற்படி 1988இல் மாறியது. இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணைத்தார். 8 மாவட்டங்கள், தலைநகர் திருகோணமலை. கிழக்கு மக்களின் கருத்தறியச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்படும் என்று சொல்லப்பட்டது. அது ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு, ஒருபோதும் நடக்கவில்லை. நவம்பரில் தேர்தல் நடந்து மாகாணசபை அமைந்தது. 1990இல் அது கலைந்தது. ஆனால் மாகாணம் கலையவில்லை. ஆளுநரின்கீழ், திருகோணமலையில் இருந்த அலுவலகங்களோடு, அது 18 ஆண்டுகள் நீடித்தது. அரசியல் கட்டுரைகளில் இந்த 18 ஆண்டுகள் பெரும்பாலும் வெற்றுக் காலமாகவே கடந்து போகின்றன. ஒரு பாடசாலை மாணவனுக்கோ "மாகாணம்" என்ற சொல்லுக்கு அந்த ஆண்டுகளில் அதுதான் பொருள். பருத்தித்துறையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அவனது போட்டிக்களம்.

அந்தக் களத்தைக் கடப்பது எளிதன்று. தேசப்படத்தில் முல்லைத்தீவும் திருகோணமலையும் பக்கத்து வீடுகள். கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரத்துக்குத் தெற்கே போனால் திருகோணமலை மாவட்டம். ஆனால் முகத்துவாரத்தைக் கடக்கப் பாலம் இல்லை. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசெம்பரில் விரட்டப்பட்டபின் அந்தப் பாதையில் போக ஆளும் இல்லை. எனவே முல்லைத்தீவு அணி கிழக்கில் ஆடவேண்டுமானால் ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாகக் கண்டி வீதியில் ஏறி, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, மீண்டும் ஏறி, வவுனியா சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பவேண்டும். மட்டக்களப்பு என்றால் இன்னும் பல மணி நேரம். காலையில் ஆட்டம் என்றால் முதல்நாளே புறப்பட்டாக வேண்டும்.

போர்நிறுத்தத்துக்கு முன்னர் இந்தப் பயணமே பெரும்பாலும் சாத்தியமில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் பெயர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்தன. ஓராண்டு முடியுமுன் 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரமே இராணுவத்தின் வசமாகி, அந்த மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று சிதறினார்கள். ஒரு பாடசாலையின் கட்டடத்தில் காலையில் அந்த ஊர்ப் பாடசாலையும் பிற்பகலில் இடம்பெயர்ந்த பாடசாலையும் நடந்தன. கட்டடம் போதாத இடத்தில் மரநிழல். இரு பாடசாலைகளின் பெயரும் தனித்தனியே காப்பாற்றப்பட்டதைக் கவனியுங்கள். வரவு இடாப்பும் அதிபரின் முத்திரையும் இருக்கும்வரை பாடசாலை இருக்கிறது. மைதானமில்லாத பாடசாலைகளும் ஆண்டறிக்கையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு பத்தி ஒதுக்கின.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அதன்பின் வந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குள் ஒரு தயக்கம் எழும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் படைக்குச் சேர்த்த காலமும் அதுவே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் அணியிலிருந்து காணாமற்போவதற்குக் காயம் மட்டும் காரணமாக இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்து விளையாட்டைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. ஆயினும் அந்த நான்கு ஆண்டுகளில்தான் வன்னிப் பையன்கள் முதல் தடவையாக மட்டக்களப்பையும் திருகோணமலையையும் பார்த்தார்கள். எதிரணியின் தமிழ் தங்கள் தமிழ் போல இல்லை என்பதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு எழுதியவரும் அந்தப் பயணத்தைத்தான் நினைவுகூர்ந்திருந்தார். ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி, பஸ்ஸைப் பற்றி இரண்டு பக்கம்.

2006 ஓகஸ்டில் முகமாலை மூடப்பட்டது. ஒக்டோபர் 16ஆம் திகதி, ஜே.வி.பி. முன்னின்று தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் 1988இன் இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவசரகால ஒழுங்குவிதிகளைப் பயன்படுத்தி ஜனாதிபதி அப்படி இணைத்திருக்க முடியாது என்பது அதன் அடிப்படை. புத்தாண்டு பிறந்தபோது இரண்டு மாகாணங்கள் இருந்தன.

அந்த ஜனவரியில் செய்தி மேசையில் நடந்த ஒன்று எனக்கு மறக்கவில்லை. விளையாட்டுச் செய்தி ஒன்று "வடக்கு கிழக்கு மாகாண" என்று தொடங்கியிருந்தது. உதவி ஆசிரியர் ஒருவர் "கிழக்கு" என்ற சொல்லைச் சிவப்பு மையால் வெட்டினார். பக்கத்திலிருந்தவர் "செய்தி போன வருடத்து ஆட்டத்தைப் பற்றியது, வெட்டாதே" என்றார். இருவரும் என்னிடம் வந்தார்கள். ஆடிய நாளில் எந்த மாகாணமோ அதையே போடுங்கள் என்றேன். அன்றைய பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

வன்னிப் பாடசாலைகளுக்கு அந்தப் பிரிவினையை உணர அவகாசம் கிடைக்கவில்லை. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சியும், அதே மாதம் 25இல் முல்லைத்தீவும் வீழ்ந்தன. பாடசாலைகள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்து, பின் நகர இடமில்லாமற் போயின. மே மாதத்துக்குப் பிறகு எஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அந்த ஓகஸ்டில் முகாம்களிலிருந்தே மாணவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். திரும்பிய இடங்களில் மைதானங்கள் கண்ணிவெடி அகற்றப்படும்வரை கயிறு கட்டிக் கிடந்தன. இந்த முறை அவர்களின் மாகாணத்துக்கு 5 மாவட்டங்கள் மட்டுமே.

எல்லை மாறினால் அணி என்னவாகும் என்ற கேள்வி நம்முடையது மட்டுமன்று. அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு 2023இன் கதை தெரிந்திருக்கும். அங்கே கல்லூரி உதைபந்தாட்டம் (பெயரில்தான் கால், ஆட்டம் பெரும்பாலும் கையால்) ஒரு பெரும் தொழில். பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்களின் கூட்டு 1915ஆம் ஆண்டின் கூட்டொன்றைத் தன் வேராகச் சொல்லி வந்தது. தொலைக்காட்சிப் பணத்தைத் தேடி 2022இல் லொஸ் ஏஞ்சலஸ் நகரின் இரு பல்கலைக்கழகங்கள் விலகுவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு கோடையில் மேலும் எட்டு போயின. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் பேர்க்லியும் அத்திலாந்திக் கரையின் கூட்டில் சேர்ந்தன. பளையைப் பற்றி நான் வேடிக்கை என்று எழுதியதை வாசகர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டில் எஞ்சியவை இரண்டு: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் சிறிய நகரங்களில் உள்ளவை. கூட்டின் பெயரும் சொத்தும் யாருக்கு என்று நீதிமன்றம் போய், எஞ்சிய இருவருக்கே என்று அந்த ஆண்டு முடிவதற்குள் பெற்றுக்கொண்டன. 2024 பருவகாலத்தில் இரண்டே அணிகள் கொண்ட கூட்டாக, மற்ற ஆட்டங்களை வேறொரு கூட்டிடம் இரவல் வாங்கி ஆடின. நவம்பர் 23ஆம் திகதி இரண்டும் மோதி, ஓரிகன் ஸ்டேட் 41க்கு 38 என்று வென்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது, வேறு எதிராளி இல்லாமல் ஒரே மைதானத்தில் ஆடிக்கொண்ட மல்லாவியின் இரு இடம்பெயர்ந்த பாடசாலைகள்தாம் என் நினைவுக்கு வந்தன. ஒப்பீடு அவ்வளவோடு நிற்கட்டும். அங்கே பிரித்தது பணம். இங்கே பிரித்தவற்றுள் பீரங்கியும் ஒன்று.

வன்னியின் அண்மைய எல்லை மாற்றம் அமைதியானது, ஒருவகையில் மகிழ்ச்சியானதும் கூட. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக உயர்ந்த நிறுவனம், 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் தனித்து வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. பம்பைமடுவில் இருக்கும் அதன் விடுதிகளைப் போருக்குப் பின் முன்னாள் பெண் போராளிகளின் புனர்வாழ்வு நிலையமாகக் கண்டவர்களுக்கு அந்த அறிவிப்பின் கனம் புரியும். ஆனால் விளையாட்டு என்று வந்தால் தனித்துவம் ஒரு சுமையும்தான். பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று 3 பீடங்கள். பெரிய தாயின் அணியில் இரண்டொரு இடத்துக்குப் போட்டியிட்ட பிள்ளைகள், இனித் தாமே பதினொருவரையும் திரட்டித் தாயோடும் மோதவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களோ இன்னும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ஆகவே கண்டி வீதியில் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் இரு இடங்களின் மாணவர்கள், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் எதிரெதிர்ச் சட்டை அணிவார்கள். வாக்குப் படம் கீறியவர்கள் கிளிநொச்சியையும் வவுனியாவையும் பிரித்த அதே இடத்தில் கல்வியும் பிரிந்திருக்கிறது.

தேசிய மட்டத்தில் கூட இது ஓய்ந்தபாடில்லை. நிர்வாகத்தில் மூன்றாம் தரப்பின் தலையீடு என்று சொல்லி 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் அது நீங்கியது. ஏணியின் உச்சிப்படியே ஏழு மாதம் இல்லாமற் போனதை, கீழ்ப்படியில் நின்ற வன்னிப் பையன்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

கனடா நண்பரின் கோரிக்கைக்கு வருகிறேன். வன்னியில் அச்சான ஈழநாதத்தின் இதழ்கள் இன்று கிடைப்பது அரிது. நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடினேன். ஒரு பழைய நண்பரின் வீட்டுப் பரணில் கட்டிவைத்த யாழ்ப்பாணப் பத்திரிகைகளையும் பார்த்தேன். கரையான் தின்றது போக மிஞ்சியவற்றுள் மூன்றாம் நாள் அகப்பட்டது. உட்பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்கு மேலே, நாலு வரிச் செய்தி. பாடசாலையின் பெயர் இருந்தது. கிழக்கின் பாடசாலை ஒன்றிடம் 2க்கு 1 என்று தோற்றது என்று இருந்தது. "வடக்கு கிழக்கு மாகாண" என்றும் இருந்தது. ஆடியவர்களின் பெயர்கள் இல்லை. அந்த நாட்களில் தோற்ற அணியின் பெயர்களுக்கு நாங்கள் இடம் கொடுப்பதில்லை. அந்தப் பக்கத்தை ஒழுங்கு செய்தவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம்.

படமெடுத்து அனுப்பிவைத்தேன். அன்றிரவே பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். மகனிடம் காட்டியதாகவும், அவன் அந்த ஒரு கோலை யார் போட்டது என்று கேட்டதாகவும் எழுதியிருந்தார். கீழே தம் நினைவிலிருந்து பதினொருவரின் பெயர்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது இருக்கும் இடத்தைக் குறித்திருந்தார். இலண்டன், சூரிச், வட்டக்கச்சி, ரொறொன்ரோ, மறுபடியும் இலண்டன், தருமபுரம். நான்கு பெயர்களுக்கு எதிரே 2009 என்று மட்டும் எழுதியிருந்தது. கோல் போட்டவனின் பெயருக்கு எதிரே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.